நனையாத பாதம்



எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் கூறினர். வெயில் மிகுந்த நாட்டில் பிறந்த முதுமொழி அது. அங்கே தலைக்கு ஒரு துண்டும், ஒதுங்க ஒரு மர நிழலும் இருந்தால் வெறுங்காலுடனேயே வயலையும் வரப்பையும் கடந்துவிடலாம். ஆனால் பிழைப்பின் பொருட்டு வடக்கே மலைநாடுகளுக்கும், மேற்கே மாமழை பொழியும் கடலோர நகரங்களுக்கும், வடகிழக்கே மேகம் வந்து தங்கும் குன்றுகளுக்கும் குடிபெயர்ந்துள்ள நம்மவர் அம்மொழியைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம். பனியும் ஈரமும் உள்ள இடத்தில் பாதமே பிரதானம். பாதம் நனைந்தவனுக்குத் தலையில் எத்தனை கம்பளி சுற்றினாலும் பயனில்லை.

இந்த உண்மையை நான் நூல்களில் படித்து அறிந்தேனல்லேன். காலில் பட்டு அறிந்தேன். 1986-ஆம் ஆண்டின் இறுதியில் அலுவலின் பொருட்டுச் சிம்லாவுக்கு மாற்றப்பட்டேன். தாராபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்த எனக்கு அதுவரை பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். ஊரில் தங்கைக்கு மணம் பேசியிருந்தார்கள். மாதந்தோறும் சம்பளத்தில் பாதிக்கு மேல் மணியார்டராகப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே, வழியில் டில்லியில் ஒரு கடையில், பெட்டியின் மேல் ‘நீர் புகாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த மலிவான ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். கடைக்காரர் பெயர் வேண்டா. குற்றத்தில் பாதி என்னுடையது.

ஜனவரி மாதத்தில் ஒருநாள் மாலை, அலுவலகத்திலிருந்து சஞ்சௌலியில் இருந்த என் அறைக்கு நடந்து திரும்பினேன். பகலில் சிறிது உருகிய வெண்பனி பாதையெங்கும் கூழாகக் கிடந்தது. கால் மணி நேரத்தில் வலது காலுறை நனைந்தது. அரை மணியில் இரு கால்களும் வலித்தன. அதன்பின் வலி நின்றுவிட்டது. வலி நின்றதை நல்ல அடையாளம் என்று எண்ணி மகிழ்ந்தேன். அறையில் பூட்ஸைக் கழற்றியபோது இடக்கால் விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. கிள்ளிப் பார்த்தேன், யாருடைய விரலையோ கிள்ளியது போலிருந்தது. அடுத்த அறையில் குடியிருந்த ஹிமாசலத்து நண்பர் ஓடிவந்து, நெருப்பின் முன் காலை நீட்டப் போன என்னைத் தடுத்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து, மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். விரல்கள் பிழைத்தன. ஆனால் இடக்காலின் சுண்டுவிரலில் இன்றளவும் உணர்ச்சி குறைவுதான்.

சில தினங்களுக்குப் பிறகு, கீழ்க்கடைத் தெருவில் பாதரட்சை செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் அந்தப் பூட்ஸைக் கொண்டு சென்றேன். அவர் அதைக் கையில் வாங்கி, நாக்குப் பகுதியை வெளியே இழுத்துக் காட்டினார். “பாபுஜி, வீட்டுக் கூரையைச் செம்மையாக வேய்ந்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்” என்றார். பூட்ஸின் மேற்பாகம் உண்மையில் நீர் புகாததே. ஆனால் நாடாவின் கீழே இருக்கும் நாக்கு இரு பக்கமும் தைக்கப்படாமல் தொங்கிற்று. பனிக்கூழ் அவ்வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. அன்று அவரிடம் நான் கற்ற பாடத்தையும், அதன்பின் பல குளிர்காலங்களில் அறிந்தவற்றையும் உங்களுக்குச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், பகைவர் யார் என்று அறிவோம். ஈரப் பருவத்தில் பாதத்திற்குப் பகைவர் மூவர். ஒன்று, வெளியிலிருந்து வரும் நீர். இரண்டாவது, உள்ளிருந்து வரும் வியர்வை. மூன்றாவது, தரையிலிருந்து ஏறும் குளிர். காற்றைவிட நீர் வெப்பத்தை இருபது மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்தும். ஆகையால் நனைந்த காலுறை போர்வையாக இராமல், உடலின் வெப்பத்தை வெளியே இறைக்கும் ஏற்றமாகவே ஆகிவிடுகிறது. வெளிநீரை மட்டும் தடுத்து வியர்வையை மறந்தவனும் நனைகிறான். அவன் உள்ளிருந்து நனைகிறான் என்பதே வேற்றுமை.

உறைநிலைக்கு மேலே இருந்தாலும் ஆபத்து உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் ஈரக் காலுடன் நின்ற ஆயிரக்கணக்கான வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகின. அங்கே தேவையாயிருந்தது பனி அன்று. குளிர்ந்த ஈரமும் நீண்ட நேரமுமே. நம் நாட்டிலும் 1962-ஆம் ஆண்டு சீனப் போரின்போது, வடகிழக்கு எல்லையில் போதிய குளிர்கால உடையும் காலணியும் இன்றி உயர்மலைகளில் நிறுத்தப்பட்ட வீரர்கள் பட்ட துன்பம் யாவரும் அறிந்தது. வீரம் நெஞ்சில் இருந்தாலும், அது நிற்பது கால்களின் மேல்தான்.

நீர்புகாத காலணியின் வரலாறு நெடியதன்று. வெலிங்டன் பூட்ஸ் என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் பங்கு கொண்ட ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் ஆங்கிலத் தளபதியே பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவானவர். அவர் விரும்பி அணிந்த உயரமான பூட்ஸ் தோலால் ஆனது. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் ஒட்டாது, குளிரில் வெடிக்காது என்று கண்ட சார்லஸ் குட்இயர் 1844-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலகுக்கு உலர்ந்த கால்களை அளித்த அவர் கடனாளியாகவே 1860-இல் இறந்தார். அம்முறையைக் கைக்கொண்டு 1853-இல் பிரான்ஸ் தேசத்தில் ஹைரம் ஹட்சின்ஸன் என்பவர் ரப்பர் பூட்ஸ் தொழிலைத் தொடங்கினார். வயலில் உழைத்த குடியானவர்களே அதை முதலில் விரும்பி வாங்கினர்.

ரப்பர் நீரை அறவே தடுக்கும். ஆனால் வியர்வையையும் வெளியே விடாது. இக்குறையைப் போக்க முயன்றவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ராபர்ட் கோர். 1969-இல் அவர், டெஃப்லான் என்று நாம் அறிந்த பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது, அது கணக்கற்ற நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வாக நீண்டது. அத்துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை. நீராவிக்கோ போதிய அளவு பெரியவை. இன்று விலையுயர்ந்த பூட்ஸ்களில் தோலுக்கும் உள்துணிக்கும் இடையே இருப்பது இத்தகைய சவ்வுதான். இது மிக நல்லது. ஆயினும் மந்திரம் அன்று. மேல்தோல் சேற்றாலும் நீராலும் ஊறிப்போனால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே ஈரம் கட்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் நாளடைவில் சவ்வு கிழியவும் கூடும்.

இனி, யாருக்கு எது ஏற்றது என்று பார்ப்போம். பாரத நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே பூட்ஸ் இல்லை.

பம்பாய் என்று நாம் அழைத்துப் பழகிய மும்பையில் இருப்போர்க்குப் பனி இல்லை, பெருமழையே பகை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. அவ்வெள்ளத்திற்குப் பின், எலிகளின் சிறுநீர் கலந்த நீரினால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் காய்ச்சல் நகரில் பலரைப் பற்றியது. காலில் சிறு கீறல் இருந்தாலும் அந்நோய் உள்ளே புகும். ஆகவே தேங்கிய நீரில் நின்று வேலை செய்வோர்க்கு முழங்காலளவு ரப்பர் பூட்ஸ் ஆபரணமன்று, கவசம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நீர் பூட்ஸின் வாயைத் தாண்டுமளவு ஆழமாயின் அதில் இறங்கலாகாது. உள்ளே நிறைந்த நீர் காலை இழுக்கும். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது.

ஷில்லாங், டார்ஜிலிங் முதலிய இடங்களில் மழை நாட்கணக்கில் நீடிக்கும்; பாதைகள் சரிவானவை; அட்டைகளும் உண்டு. அங்கே கணுக்காலை மூடி இறுக்கிப் பிடிக்கும், அடிப்பாகத்தில் ஆழ்ந்த பள்ளங்கள் வெட்டிய நடை பூட்ஸே சிறந்தது. சரிவில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் உள்ளே கால் வழுக்க இடம் தரும்.

சிம்லா, மணாலி, ஸ்ரீநகர் ஆகிய ஊர்களின் பனி ஈரப்பனி. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே ஊசலாடுவதால் பகலில் உருகி இரவில் மீண்டும் உறையும். காஷ்மீரத்தார் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் ‘சில்லை கலான்’ என்று அழைக்கின்றனர்; கடுங்குளிரின் காலம் அது. இவ்வூர்களில் நீர் புகாமையே முதற்கண் நோக்க வேண்டிய குணம். லே, திராஸ் போன்ற உயர்ந்த இடங்களிலோ குளிர் மிகக் கொடியது, பனியோ உலர்ந்தது. அங்கே நீர் புகாமையை விட, தடித்த அடியும், உள்ளே கம்பளி அல்லது கம்பளம் போன்ற புறணியும், இரண்டு காலுறைக்கு இடமும் இருத்தல் முக்கியம். ஒரே இமயத்தில் இத்தனை வேற்றுமை! காஷ்மீரத்து முதியோர் முன்னாளில் நெல் வைக்கோலால் பின்னிய ‘புல்ஹோர்’ என்னும் மிதியடியை அணிந்து பனியில் நடந்தனர் என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. அது நீரைத் தடுக்காது. ஆயினும் வழுக்காது, நனைந்தால் வேறொன்று பின்னிக்கொள்ளலாம். எளியவர் அறிவு அது.

கடையில் பூட்ஸைக் கையில் எடுத்தவுடன் பெட்டியின் எழுத்தைப் படியாதீர்கள், பொருளைப் படியுங்கள். நீரை ஓரளவு எதிர்ப்பது வேறு, நீர் புகாதது வேறு. முன்னது தூறலுக்குப் போதும், பனிக்கூழுக்குப் போதாது. முதலில் நாக்கை இழுத்துப் பாருங்கள். அது துருத்தியைப்போல் இரு பக்கமும் மேல்பாகத்தோடு இணைந்து, உயரே வரை வந்திருக்க வேண்டும். அடுத்து, அடிப்பாகமும் மேல்பாகமும் சேரும் இடத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். இடைவெளியோ, பசை பிதுங்கிய அடையாளமோ இருந்தால் வேண்டா. தையல்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. ஒவ்வோர் ஊசித்துளையும் நீருக்கு ஒரு வாயில். பிறகு பூட்ஸை வளையுங்கள். விரல்களின் அடிப்புறத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அது வலுவற்றது.

அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் சிறிது இணங்கும். பிளாஸ்டிக் வகைகள் பல கடையின் வெதுவெதுப்பில் மென்மையாகத் தோன்றி, பனியில் கட்டையாக இறுகி வழுக்கும். பள்ளங்கள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழமும், பனி அடைத்துக்கொள்ளாதபடி அகலமும் இருத்தல் நல்லது. இப்பள்ளங்களுக்குப் பின் ஒரு துயர வரலாறு உண்டு. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில், ஏற்ற காலணி இல்லாமையும் ஒரு காரணமாக, ஆறு தோழர்களை இழந்த விட்டாலே பிரமானி என்பவர், பாறையையும் பனியையும் ஒருங்கே பற்றும் ரப்பர் அடியை உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்றார். 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதல் ஏறிய இத்தாலியர் அணிந்ததும் அத்தகைய அடியே. ஆயினும் கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் எந்த ரப்பரும் முழுமையாக நிற்காது. அத்தகைய காலைகளில் பூட்ஸின் மேல் மாட்டும் இரும்புமுள் சங்கிலியும், சிறு அடிகளும், அவசரமின்மையுமே துணை.

அளவு பற்றி ஒரு சொல். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்பது நம் பழமொழி. பூட்ஸ் வாங்க மாலை வேளையில் செல்லுங்கள். நாள் முழுதும் நடந்த பாதம் சற்றே பருத்திருக்கும். குளிர்காலத்தில் அணியப் போகும் அதே கம்பளிக் காலுறையுடன் போட்டுப் பாருங்கள். பெருவிரலின் முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குதிகால் மட்டும் எழும்பலாகாது. இறுக்கமான பூட்ஸ் கதகதப்பாயிருக்கும் என்று நம்பாதீர்கள். அது இரத்த ஓட்டத்தை நெருக்கி, குளிரை அழைத்து வரும். குழந்தைகளுக்கு, வளரும் பிள்ளை என்று இரண்டளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். சமவெளியில் அது சிக்கனம். பனிச்சரிவில் அது விழுவதற்கு வழி. ஒரு அளவு மட்டும் பெரிதாக வாங்கி, உள்ளே ஓர் அட்டைப்புறணி வைத்தால் போதும்.

காலுறை பருத்தியாயிருக்க வேண்டா. பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். பையில் எப்போதும் ஓர் உலர்ந்த ஜோடி இருக்கட்டும். ஆயிரம் ரூபாய்க் காலணி செய்யாததை அவ்வுலர்ந்த காலுறை செய்யும்.

வாங்கி வந்தபின் வீதியில் இறங்குமுன் சோதித்துவிடுங்கள். பூட்ஸினுள் செய்தித்தாளைத் திணித்து, இரண்டங்குல நீர் நிறைந்த தட்டத்தில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். தாள் உலர்ந்திருந்தால் தேர்வு சரி. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீரில் வைத்ததைத் திரும்பப் பெறக் கடைக்காரர் மறுக்கவும் கூடும். ஆகவே இச்சோதனைக்கு இசைவாரா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நலம்.

நம் இல்ல வழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலணியை வாசலுக்கு வெளியே விடுவது நமக்கு மரபு. அதை நான் விடச் சொல்லவில்லை. ஆனால் பனிநாட்டில் இரவு முழுதும் வெளியே கிடந்த பூட்ஸ், காலையில் கல்லாய் உறைந்திருக்கும். வாசலுக்கு உட்புறம் ஒரு தகரத் தட்டை வைத்து, அதில் நிறுத்துங்கள். உள்ளே செய்தித்தாள் திணித்து, காற்றில் உலர்த்துங்கள். ஹீட்டரின் அருகிலோ கணப்பின் மேலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். உலர்ந்த தோலுக்கு மாதம் இருமுறை மெழுகு தேய்ப்பது போதும். அணியுமுன் தலைகீழாகத் தட்டுவதும் மறவாதீர்கள். மலைப்புறங்களில் தேளும் அங்கே இடம் தேடும்.

இவ்வளவு செய்தும் கால் மரத்துப் போனால் என் தவற்றைச் செய்யாதீர்கள். வலி நிற்பது நலமன்று. அதுவே அபாயச் சங்கு. பனியால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள், உணர்வற்ற தோல் வெந்து போவதும் தெரியாது. மீண்டும் குளிரில் செல்ல நேராது என்று உறுதியானால், 37 முதல் 39 டிகிரி வரை வெப்பமுள்ள நீரில் வைத்து, மருத்துவரை நாடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இருமடங்கு கவனமாயிருத்தல் வேண்டும். அவர்களுடைய பாதம் முன்னரே உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஆகவே தினமும் இரவில் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது அவர்களுக்கு மிக அவசியம்.

இறுதியாக, விலை. அந்த மாலைக்குப் பின், என் தாயாருக்கு நடந்ததை எழுதினேன். எழுத்தறியாத அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு பதில் எழுதச் செய்தார். “இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். முதலில் காலுக்கு வாங்கிக்கொள். நீ நடந்தால்தான் இந்த வீடு நடக்கும்” என்றிருந்தது. அம்மாதச் சம்பளத்தில் வாங்கிய தோல் பூட்ஸ், இருமுறை அடி மாற்றி, பதினொரு குளிர்காலம் உழைத்தது. தங்கையின் திருமணமும் ஒரு மாதம் தள்ளி நன்றாகவே நடந்தேறியது.

அந்தப் பூட்ஸின் தோல் எங்கே பதனிடப்பட்டது என்று பிற்பாடு விசாரித்தேன். வட ஆர்க்காட்டுப் பகுதியில், நம் ஆம்பூரில்! மலைமேல் என் காலைக் காத்தது நம்மூர்த் தொழிலாளர் கைதான் என்று அறிந்து நெஞ்சு நெகிழ்ந்தேன். ஊருக்குப் பணம் அனுப்பும் கைகள் பல என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். உங்கள் காலுக்குச் செய்யும் செலவை ஆடம்பரம் என்று எண்ணாதீர்கள். உங்களை எதிர்பார்த்திருக்கும் வீடு, உங்கள் பாதத்தின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.